தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர்

ஐரோப்பிய சரித்திரம் கற்கும் மாணவர் பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயியைப் பற்றி அறியாதிரார். அரசன் கடவுளுக்கன்றி மற்றெவர்க்கும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவனல்லன் என்பது அவன் கொள்கை. இங்கிலாந்திலோ, 1649ல் ஓர் அரசனைக் கொன்றும், 1688ல் மற்றோர் அரசனை ஓட்டியும், பிரதிநிதி சபையார் முடியரசுக்கு எல்லை வகுத்தனர். நம் காவிரி நாட்டிலும் ஓர் அரசர்க்கு எல்லை வகுக்கப்பட்டது. வகுத்தவர் குடிகளல்லர், ஒரு வர்த்தகக் கம்பெனியார். அவ்வெல்லைக்குள் வாழ்ந்த சரபோஜி மன்னரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சரபோஜி, மகாராஷ்டிர போன்ஸ்லே குலத்தில் 1777ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தார். தஞ்சையை ஆண்ட துளஜா மகாராஜா, தம் மக்களை யெல்லாம் இழந்தவராய், 1787ல் இறக்குந் தறுவாயில் இச்சிறுவரைச் சுவீகாரம் செய்துகொண்டு, ஜெர்மானியப் பாதிரியாராகிய சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்தார். ராஜ்ய பாரத்தையும் ஏற்குமாறு வேண்டியபோது ஐயர் இசைந்திலர். அரசரின் சகோதரராகிய அமரசிங்கரே அதற்குரியார் என்றனர்.

கம்பெனியார் பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டனர். சுவீகாரம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று, அமரசிங்கர் அரசரானார். சிறுவர் கல்வி கற்கவும் வழியின்றி அடைபட்டுக் கிடந்தார். ஐயர் விடாது முறையிட்டதன் பயனாக 1793ல் சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே கெரிக்கே ஐயரிடம் கல்வி பயின்றார். பாரிசில் பதினாறாம் லூயியின் தலை வீழ்ந்ததும் அவ்வாண்டிலேயே. பின்னர்ப் பண்டிதர்கள் மறுபடியும் வினவப்பட்டனர்; சுவீகாரம் செல்லும் என்றாயிற்று. ஒரே சாஸ்திரம் இருவேறு தீர்ப்பளித்த விந்தையை என்னென்பது! 1798ஆம் ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். அவரைக் காத்த சுவார்ட்ஸ் ஐயர் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே இறந்துவிட்டமையால் அக்காட்சியைக் கண்டாரிலர்.

அரியணைக்கு விலை அடுத்த ஆண்டு கேட்கப்பட்டது. 1799 அக்டோபர் 16ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். ஒன்பது நாட் கழித்து, 25ஆம் தேதி, தஞ்சை உடன்படிக்கை முடிந்தது. நாட்டின் நிர்வாகம் முழுதும் கம்பெனியாரைச் சேர்ந்தது. மன்னர்க்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும், செலவு போக நின்ற நிலவருவாயில் ஐந்திலொரு பங்கும் எஞ்சின. காவிரியின் வாய்க்காலும் கரையும் களத்து நெல்லும் கலெக்டர் கச்சேரிக்குப் போயின. இருபத்திரண்டு வயது வேந்தர்க்குத் தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே நாடாயின. அவர் வாளெடுத்திருத்தல் வேண்டும் என்பார் உளர். 1773ல் கம்பெனிப் படையின் துணைகொண்டு ஆர்க்காட்டு நவாபு தஞ்சையைக் கவர்ந்ததையும், 1776ல் கம்பெனியார் தயவாலேயே அது திரும்பியதையும் நினைப்பார்க்கு, அவரிடம் படை ஏது என்பது விளங்கும்.

ஆளுதற்கு நாடில்லாத மன்னர் நூல்களைத் தேடினார். நாயக்கர் காலத்தில் தோன்றிய அரண்மனை நூல்நிலையத்தை ஐரோப்பிய மொழி நூல்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிப் பெருக்கினார். 1820ல் காசி யாத்திரை புறப்பட்டவர் வடமொழிச் சுவடிகளைத் தொகுத்து வந்தார். 1805ல் அரண்மனையில் தேவநாகரி எழுத்துக்களோடு அச்சுக்கூடம் நிறுவினார். தன்வந்திரி மகாலில் நம் நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் ஒருங்கே ஆராயப்பட்டன. கண்ணோயாளர்க்குச் செய்த சிகிச்சையைக் கண்களின் சித்திரத்தோடு எழுதிவைத்த ஏடுகள் இன்றும் உள. ஒரத்தநாட்டில் சத்திரம் கட்டி வழிப்போக்கர்க்கு அன்னமளித்தார். 1826ல் தஞ்சை வந்த ஹீபர் அத்தியட்சர், லவாய்சியர், லின்னேயஸ் முதலியோர் நூல்களைப் பற்றி மன்னர் உரையாடக் கேட்டு வியந்தனர். ஆசிரியரை மறவாது, பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சுவார்ட்ஸ் ஐயரின் மரணப் படுக்கையைச் சலவைக்கல்லில் வடிப்பித்தார். சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் அதனைக் காணலாம். தம் மதத்தை அவர் விட்டாரல்லர்.

1803ல் பெரிய கோயிற் சுவரில் தம் குல வரலாற்றை மராத்தியில் பொறிப்பித்தார். இராஜராஜன் வென்ற நாடுகள் பொறித்த அக்கோயிலில், நாடிழந்தவர் தம் முன்னோரை எழுதுவித்த செயல் நம் உள்ளத்தை உருக்குகின்றது. மனோராவைப் பற்றி அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகப் பட்டுக்கோட்டைக்கு அப்பாற் கடற்கரையில் அவர் எழுப்பிய கோபுரம் அது. நன்றியோ, அச்சமோ, இரண்டும் கலந்ததோ!

1832ஆம் ஆண்டு மார்ச்சு 7ல் சரபோஜி காலமானார். மகன் சிவாஜி 1855ல் ஆண்மகவின்றி இறக்கவே, கோட்டையையும் கம்பெனியார் எடுத்துக்கொண்டனர். சரசுவதி மகால் நூல்நிலையம் 1918ல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.