என்ஜினையே பாடமாகப் படித்த ஜி.டி.நாயுடு

காரின் முகப்பில் குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பினால் எரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். ஓடும்போது அது எரிந்தால் ஆபத்து! என்ஜினுக்குள் எண்ணெய் சரியாக ஓடவில்லை என்று பொருள்.

உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் என்று இரண்டு தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எப்போதாவது ஒரு பழைய காரைப் பார்க்கலாம். தாத்தா ஆசையாக வாங்கிய வண்டியாக இருக்கும். பேரன் அதைப் போற்றி வைத்திருப்பான். மிகப் பழைய கார்கள் சிலவற்றில் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள் மட்டுமே உண்டு. சிவப்பு விளக்கு கிடையாது. சாலையைப் பார்த்து ஓட்டுகிறவர் எத்தனை தடவை முள்ளைப் பார்ப்பார்? அதனால் ஒரு விளக்கும் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

சின்ன வேலைதான். ஆனால் என்ஜின் என்ன சொல்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்தவன்தான் அதைச் சரியாகச் செய்வான். அப்படி என்ஜினையே பாடமாகப் படித்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

கோவைக்கு அருகே கலங்கல் என்ற சிற்றூர். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தை கோபாலசாமி நாயுடு ஒரு விவசாயி. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார்.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. இவன் உருப்படுவானா என்று பெற்றவர்கள் கவலைப்படும் பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானே ஓடுகிறது! வாலிபரின் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அதைப்போல ஒன்று வேண்டும். கையில் காசு இல்லை.

கோவைக்குப் போனார். ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த சம்பளத்தைக் காசு காசாகச் சேர்த்தார். ரூ.300 சேர்ந்ததும், ஆசைப்பட்ட மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். எது எதோடு சேர்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி பூட்டி ஓட்டினார். பள்ளிக்கூடம் தராத படிப்பை அந்த வண்டி தந்தது.

பம்பாயில் போன பணம்

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல லாபம் வந்தது. கையில் பணம் புரண்டதும் ஆசை பெரிதாயிற்று. பம்பாய்க்குப் போய்ப் பருத்திச் சூதாட்ட வியாபாரத்தில் பணத்தைப் போட்டார். சேர்த்ததெல்லாம் போயிற்று!

வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார். வேறொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். அவர் இடியவில்லை. தமக்குத் தெரிந்த தொழில் எது என்று யோசித்தார். என்ஜின் தெரியும். அது போதும் என்று எழுந்தார்.

ஒரே ஒரு பஸ்

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். அவருடைய உதவியால் நாயுடுவுக்கு ஒரு பஸ் கிடைத்தது. 1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பஸ் ஓடியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

ஒரே பஸ் வைத்திருப்பவருக்கு அந்த என்ஜின்தான் உயிர். அது நின்றால் அன்றைய வரும்படி நிற்கும். பயணிகள் வெயிலில் நிற்பார்கள். கடன் தவணையும் நிற்கும். ஆகவே அந்தத் தொழிலில் வண்டியைப் பிள்ளையைப்போலக் கவனிக்கவேண்டும்.

அந்த ஒரு பஸ் பலவாகப் பெருகியது. யு.எம்.எஸ். என்ற பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. குறித்த நேரத்தில் வரும் பஸ் என்று பெயர் வாங்கின.

எண்ணெய் என்ன செய்கிறது?

இந்த இடத்தில் நம் சிவப்பு விளக்குக்கு வருவோம். இது நாயுடு கண்டுபிடித்தது அல்ல. ஆனால் அவர் செய்ததுபோல் கழற்றிப் பார்த்தால் எவருக்கும் விளங்கும்.

என்ஜினின் அடியில் ஒரு தொட்டியில் எண்ணெய் இருக்கிறது. ஒரு பம்பு அதை உறிஞ்சி, சிறு துளைகள் வழியாகப் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. இரும்பும் இரும்பும் நேரே உரசாமல் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. எண்ணெய் குறைந்தாலும், பம்பு தேய்ந்தாலும் அழுத்தம் விழும். படலம் அறுந்துபோகும். உலோகம் உரசிச் சூடேறும். சில நிமிஷத்தில் என்ஜின் பாழாகிவிடும்.

எண்ணெய் போகும் வழியில் ஒரு சிறு சுவிட்சு திருகப்படுகிறது. அதற்குள் ஒரு சவ்வும் ஒரு வில்லும் உண்டு. அழுத்தம் இல்லாதபோது வில் தள்ளி மின் இணைப்பு சேரும். விளக்கு எரியும். என்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் எண்ணெய் சவ்வைத் தள்ளும். இணைப்பு விலகும். விளக்கு அணையும்.

பழைய காரில் முள்ளுக்குப் போகும் குழாயின் அடியில் டீ வடிவ இணைப்பு ஒன்றைப் போடுவார்கள். ஒரு கிளையில் முள், மறு கிளையில் சுவிட்சு. மரை சரியாகப் பொருந்தவேண்டும். பொருந்தாத மரையை முரட்டுத்தனமாக முறுக்கினால் எண்ணெய் கசியும். ஆபத்தைத் தடுக்க வைத்ததே ஆபத்தாகிவிடும். விளக்கின் ஒரு ஒயர், சாவி போட்டால் மின்சாரம் வரும் இடத்துக்குப் போகிறது. மற்றொன்று சுவிட்சுக்குப் போகிறது.

சாதாரணச் சுவிட்சு, சதுர அங்குலத்துக்கு 5 முதல் 10 பவுண்டு வரை அழுத்தம் விழுந்த பிறகே விளக்கை எரிய வைக்கும். வேகமாக ஓடும் என்ஜினுக்கு அது கடைசி நிமிஷ எச்சரிக்கை. முள் சிறிது சிறிதாக இறங்குவதை முன்னாலேயே காட்டும். ஆகவே விளக்கு வைத்தாலும் முள்ளை எடுத்துவிடக் கூடாது.

ஓடும்போது விளக்கு எரிந்தால் வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். சாவி போட்டும் விளக்கு எரியாவிட்டால் அதையும் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம்.

கோவையில் பிறந்த மோட்டார்

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் கோவை பீளமேட்டில் உருவாயிற்று. டி.பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து செய்த முயற்சி அது. பின்னாளில் மோட்டார், பம்புத் தொழிலில் கோவை பேர் பெற்றதற்கு இதுவும் ஒரு வித்து.

முகச்சவரம் செய்யும் மின்சாரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்யமுடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் என்று பலவற்றை ஆக்கினார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை ரூ.70-க்குத் தரமுடியும் என்று அறிவித்தார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படம் பிடித்தார்.

கலைந்த கனவுகள்

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் தோன்ற முன்நின்றார். பள்ளியை விட்டு ஓடியவர் அதன் தலைவராக அமர்ந்தார்! நான்கு ஆண்டுப் படிப்பு வீண், கையால் செய்து படித்தால் இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் ஒப்பவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை ரூ.2,000. நடுத்தரக் குடும்பமும் கார் வாங்கியிருக்கலாம். ஆனால் உற்பத்தி செய்ய லைசென்சு கிடைக்கவில்லை. அந்தக் கார் வீதிக்கு வராமலே போயிற்று.

பம்பாயில் பணம் போனபோது குற்றம் அவருடையது. அவர் திருத்திக்கொண்டார். கார் போனபோது குற்றம் அவருடையது அல்ல. நாடு ஒரு வாய்ப்பை இழந்தது.

பெயர் நிற்கிறது

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் குடும்பத்தார் 2015-ல் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சி சாலை திறந்தார்கள். அதே சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

கோவைப் பக்கம் ஒரு மேட்டுப்பாளையம் இருக்கிறது. நம் உழவர்கரையிலும் ஒரு மேட்டுப்பாளையம் இருக்கிறது. இங்கேயும் கையில் எண்ணெய்க் கறையோடு ஒரு பையன் பழைய என்ஜினைக் கழற்றிக்கொண்டிருப்பான். மார்க்கு வாங்கவில்லை என்று வீட்டில் அவனைத் திட்டியிருப்பார்கள்.

பெற்றோர்களே, படிப்பு வேண்டியதுதான். ஆனால் அவன் கழற்றியதைத் திரும்பச் சரியாகப் பூட்டுகிறானா என்றும் ஒரு தடவை பாருங்கள். பூட்டிவிட்டான் என்றால் அவனும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.