நிறுத்திப் பார்க்கக் கற்பித்தவர்

போத்தனூர் புகைவண்டி நிலையத்தை நம்மில் பலர் அறிவர். கோவைக்கு அருகே, கேரளம் செல்லும் வண்டிகள் நின்று செல்லும் சந்திப்பு அது. அவ்வூரில் 1881-ஆம் ஆண்டு எதெல் சாரா ஸ்டோனி என்னும் பெண்மகவு பிறந்தது. தந்தையார் எட்வர்டு வாலர் ஸ்டோனி மதராஸ் இரயில்வேயில் பணியாற்றித் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர். துங்கபத்திரை ஆற்றின்மீது பாலம் கட்டியவர். ஓசையின்றிச் சுழலும் பங்கா உருளை ஒன்றை ஆக்கி அதற்குக் காப்புரிமையும் பெற்றவர். (செங்கற்பட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து படாளம் வழியாக ஓடும் நம் பாதை தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியாருடையது. ஆதலால் ஸ்டோனியை நம்மவர் என்று சொந்தம் கொண்டாட வழியில்லை!) அப்பெண்மகவின் இளைய மைந்தரே ஆலன் டூரிங்.

இன்று நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரு மாணவி தன் நிரலை நடுவழியில் நிறுத்தி, உள்ளே ஓர் எண் என்னவாக இருக்கிறது என்று கேட்டறிந்து, மறுபடியும் ஓடவிடுகிறாள். டிபக்கர் என்னும் பிழைகாண் கருவியின் கட்டளைகள் அவளுக்கு அவ்வாற்றலைத் தருகின்றன. அவ்வாறு நிறுத்திப் பார்ப்பது ஏன் தேவையாயிற்று என்பதற்கும், எப்படி நிறுத்துவது என்பதற்கும் தொடக்க நாளிலேயே விடை தேடியவர்களுள் டூரிங் தலையாயவர். போர்க்காலச் சங்கேதங்களை உடைத்தவர் என்று அவரை உலகம் போற்றுகிறது. பிழை தேடியவர் என்ற புகழ் அவருக்கு அத்துணை பரவவில்லை.

தந்தையார் ஜூலியஸ் டூரிங் இந்தியக் குடிமைப் பணியில் சேருமுன் தமிழும் பயின்று தேர்ந்தவர். சென்னை மாகாணத்தில் பல ஊர்களில் பணியாற்றினார். கப்பல் பயணம் ஒன்றில் எதெலைச் சந்தித்து 1907-இல் மணந்தார். மூத்த மகன் ஜான் குன்னூரில் பிறந்தான். இளையவர் ஆலன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். இந்தியத் தட்பவெப்பம் குழந்தைகளுக்கு ஒவ்வாது என்று பெற்றோர் அஞ்சினர். ஆலனுக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே தாயாரும் கணவரிடம் திரும்பிவிட்டார். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் ஓர் ஓய்வுபெற்ற படைத்தலைவரின் இல்லத்தில் வளர்ந்தனர். தாய் பிறந்த மண்ணை ஆலன் கண்டதேயில்லை.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்டபோது நாடெங்கும் வேலைநிறுத்தம், புகைவண்டிகள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து பள்ளி போய்ச் சேர்ந்தான். அங்கே கிறிஸ்டபர் மார்க்கம் என்னும் நண்பர் வாய்த்தார். 1930-இல் அந்நண்பர் நோயால் மாண்டார். அத்துயரம் நெடுநாள் ஆறவில்லை. பின்னர் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி.

1936-இல், இருபத்து நான்காம் வயதில், எண்ணிக் கணிக்கத்தக்க எண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை கணிப்பொறி இயலுக்கு அடிக்கல் ஆயிற்று. முடிவிலா நாடா ஒன்று, அதிலுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தும் எழுதியும் நகரும் பொறி ஒன்று, இந்த நிலையில் இந்தக் குறியைக் கண்டால் இதைச் செய் என்று சொல்லும் அட்டவணை ஒன்று. இவ்வளவே அவர் கற்பனை செய்த இயந்திரம். எந்த இயந்திரத்தின் அட்டவணையையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால் அதுபோலவே இயங்கிக் காட்டும் பொது இயந்திரமும் உண்டு என்று காட்டினார். அக்கட்டுரையில் ஒரு மறுப்பும் இருந்தது. அதன் இன்றைய வடிவம் இது: எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஒரு நாள் நின்றுவிடுமா, நில்லாது சுழன்றுகொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லிவிடும் பொது முறை இல்லை; இருக்கவும் முடியாது. நிரல்களின் பிழை அனைத்தையும் தானே கண்டு சொல்லும் சர்வரோக நிவாரணி எவராலும் செய்யப்பட மாட்டாது என்பது இதன் விளைவு. ஒவ்வொரு நிரலையும் அதனதன் போக்கில் ஓடவிட்டோ, ஆய்ந்து பார்த்தோதான் தேற வேண்டும்.

சுவையான செய்தி ஒன்றும் உண்டு. அக்கட்டுரையில் அவர் எழுதிய பொது இயந்திரத்தின் அட்டவணையிலேயே பிழைகள் இருந்தன! பின்னாளில் அவரோடு பணிபுரிந்த டொனால்டு டேவீஸ் என்னும் இளைஞர் அவற்றைத் தேடிக் கண்டு அவரிடமே காட்டினார். டூரிங்கிற்கு அது சற்றும் பிடிக்கவில்லை என்று டேவீஸ் பின்னர் எழுதினார். நம் வகுப்பில் நிரல் ஓடாமல் முகம் வாடும் தோழர்க்கு இது ஆறுதலாகும்.

போர் மூண்டதும் 1939 செப்டம்பரில் பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்தார். ஜெர்மானியரின் எனிக்மாச் சங்கேதத்தை உடைக்க அவர் வகுத்த பாம்பே என்னும் பொறியும் நிறுத்திப் பார்க்கும் பொறிதான். சக்கரங்களின் அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்றிச் சோதிக்கும், முரண்படுவதைத் தள்ளும், முரண்படாத அமைப்பைக் கண்டால் தானே நின்றுவிடும். நின்ற இடத்தை மனிதர் குறித்துக்கொண்டு மெய்யா பொய்யா என ஆய்வர். இப்பணி முழுவதும் மறைபொருளாகவே இருந்து, 1970-களில்தான் வெளிப்பட்டது.

போர் முடிந்தபின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏஸ் என்னும் கணிப்பொறிக்குத் திட்டம் தீட்டினார். அதில் துணைநிரல்களுக்கு அவர் கண்ட வழி சிறப்பானது. ஒரு வேலையின் நடுவே வேறொரு வேலைக்குப் போகுமுன், திரும்பி வரவேண்டிய இடத்தை நினைவகத்தில் புதைத்து வைப்பது; வேலை முடிந்ததும் தோண்டி எடுப்பது. புதைத்தல், தோண்டல் என்னும் பொருள்படவே அவற்றுக்குப் பெயரும் இட்டார். இன்றைய டிபக்கரில் பேக்ட்ரேஸ் என்று கட்டளையிட்டால் எந்தத் துணைநிரலை எது அழைத்தது என்று வரிசையாகக் காட்டுகிறதே, அது காட்டுவது இப்புதையல்களைத்தான். 1947-இல் இலண்டன் கணிதக் கழகத்தில் பேசுகையில், தொலைவிலுள்ள கணிப்பொறியைத் தொலைபேசிக் கம்பி வழியே இயக்கலாம் என்றும் கூறினார். ஆனால் ஏஸ் பணி ஊர்ந்தது. சலித்துப்போய் 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார்.

1949 ஜூன் 24-இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில், பெரிய நிரல் ஒன்றைச் சரிபார்ப்பது எவ்வாறு என்று ஒரு சிற்றுரை ஆற்றினார். நீண்ட கூட்டல் கணக்கின் விடையை மட்டும் கொடுத்தால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் தாமே போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கையிருப்பு எத்தனை என்று எழுதிக் கொடுத்தாலோ, ஒரு வரிசையைப் பார்க்க மறு வரிசை வேண்டுவதில்லை. பத்துப் பேர் பத்து வரிசையைத் தனித்தனியே பார்க்கலாம். அதுபோல நிரலின் பல இடங்களிலும், இவ்விடத்தில் இந்த எண் இவ்வாறு இருக்க வேண்டும் என்று எழுதியவரே குறித்துவைத்தல் வேண்டும் என்றார். அவ்வுரையை அக்காலத்தில் பெரும்பாலோர் மறந்தனர். ஏறத்தாழ இருபதாண்டு கழித்து வேறு அறிஞர்கள் அதே கருத்தைத் தாமாகவே கண்டு புகழ் பெற்றனர்.

மான்செஸ்டரில் 1951-இல் ஃபெராண்டி மார்க் 1 என்னும் பொறி வந்தது. அதற்கு முதல் கையேடு எழுதியவர் டூரிங். எண்களை முப்பத்திரண்டின் அடிமானத்தில், அதுவும் வலமிடமாக மாற்றி, தந்தி எழுத்துகளில் எழுத வேண்டும் என்று விதித்துவிட்டார். தாம் அதை மனக்கணக்காகவே படிப்பவராதலால் பிறருக்கு உண்டாகும் தொல்லை அவருக்குப் புரியவில்லை. மேதைகள் நல்லாசிரியராக அமைவது அரிது போலும்.

எனினும் பிழை தேடுவோர்க்கு அப்பொறியில் நல்ல வசதி இருந்தது. நினைவகத்தில் உள்ளவை கண்ணாடிக் குழாயின் முகத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு கட்டளையாக நிறைவேற்றி நிற்கச் செய்யும் விசை உண்டு. நிரலுக்குள்ளேயே பொய் நிறுத்தம் என்னும் கட்டளையை வேண்டிய இடத்தில் வைக்கலாம். முகப்பிலுள்ள விசையைப் போட்டால் அங்கே பொறி நிற்கும். போடாவிட்டால் அதனைப் பொருட்படுத்தாமல் ஓடும்.

அன்றைய விசைகளே இன்றைய கட்டளைகளாயின என்பதைக் காண, நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதை அறிவோம். உழவர் ஒருவர் அனுப்பிய 10 வண்டிக் கரும்பின் எடையைக் கூட்டும் நிரலைச் சி மொழியில் ஒரு மாணவன் எழுதுகிறான் எனக் கொள்க. எடைச்சீட்டுகளைக் கையால் கூட்டினால் 52 டன். நிரலோ 47 டன் என்கிறது. ஐந்து டன் என்பது உழவருக்குச் சிறு இழப்பன்று. நிரலை எத்தனை முறை படித்தும் பிழை கண்ணில் படவில்லை. அவன் ஜிடிபி என்னும் டிபக்கரைத் திறந்து, எடையைக் கூட்டும் வரியில் பிரேக் என்று நிறுத்தம் இடுகிறான். ரன் என்று ஓடவிடுகிறான். முதல் கூட்டலுக்கு முன்பே நிரல் நிற்கிறது. வண்டி எண்ணைப் பிரிண்ட் கட்டளையால் கேட்கிறான். 1 என்று விடை வருகிறது. சி மொழியிலோ வரிசை 0-இல் தொடங்கும்! முதல் வண்டி மேடை ஏறாமலே போயிருக்கிறது. அவ்வண்டியில் இருந்த ஐந்து டன்தான் குறைந்தது. ஐயம் தீர, செட் வேரியபிள் என்று அங்கேயே வண்டி எண்ணை 0 ஆக்கி, டெலீட் என்று நிறுத்தத்தை எடுத்துவிட்டு, கன்டினியூ என்று தொடரவிடுகிறான், 52 வருகிறது. இனி நிரலைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். பிழை அங்கே அகப்படாதிருந்தால், நெக்ஸ்ட் கட்டளையால் வரிவரியாகச் சென்றிருப்பான். துணைநிரலுக்குள் நுழைந்து பார்க்க ஸ்டெப். குறித்த எண் மாறும்போதெல்லாம் நிற்க வாட்ச். இக்கட்டளைகளைத் தட்டுவது எளிது. எவ்விடத்தில் எந்த எண் என்னவாக இருக்க வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருப்பதே கடினம். 1949-இல் டூரிங் கேட்டதும் அதைத்தான். அது தெரியாதவன் டிபக்கரில் ஆயிரம் முறை நிறுத்தினாலும் கண்டது ஒன்றுமிராது.

அறுபதாண்டுக்கு மேற்பட்ட அவ்விசைப்பலகையிலிருந்து இக்கட்டளைகளுக்கு வந்த வழியில் டூரிங்கிற்கு இன்னொரு பங்கும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஸ்டான்லி கில் என்பவர், ஒரு நிரல் ஓடும் வழியை அடிக்கடி அச்சிட்டுக்காட்டும் வேறொரு நிரலை ஆக்கியிருந்தார். அதைப்போல, பொறி தன்னையே போலச் செய்து காட்டும் நிரல் ஒன்றை எழுதலாமே என்று கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி என்பவரிடம் டூரிங் சொல்லி வைத்தார். ஸ்ட்ரேச்சி அப்போது ஹேரோ பள்ளி ஆசிரியர். விடுமுறையில் கணிப்பொறி பழகியவர். 1951-இல் அவர் ஏறத்தாழ ஆயிரம் கட்டளைகள் கொண்ட நிரலோடு மான்செஸ்டர் வந்தார். அத்துணை நீண்ட நிரலை அங்கே எவரும் கண்டதில்லை. இரவு முழுதும் பொறியோடு தனித்திருந்து பிழைகளைக் களைந்தார். விடியலில் நிரல் ஓடி முடிந்து, பொறியிலிருந்த ஊதொலியால் பிரித்தானிய நாட்டுப்பண்ணை இசைத்துக் காட்டியது. அவ்வூதொலிக் கட்டளையைப் பொறியில் வைக்கச் செய்தவரும் டூரிங்கே.

பின்வந்தோர் இத்தகைய கருவிகளுக்கு இட்ட பெயர்கள் நகைப்பூட்டுவன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஒன்றுக்குக் கொசு மருந்தாகிய ஃபிளிட் பெயரையும், மற்றொன்றுக்கு நம் ஊர்களிலும் தெளிக்கப்பட்ட டி.டி.டி. பெயரையும் சூட்டினர். ஆங்கிலத்தில் பிழையைப் பூச்சி என்பர் அல்லவா! ஜிடிபி 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மனால் எழுதப்பட்டது.

இவற்றையெல்லாம் காண டூரிங் இல்லை. 1952-இல், ஓர் ஆடவரோடு கொண்ட உறவிற்காக அந்நாட்டுச் சட்டம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்கு மாற்றாக, உடலையும் உள்ளத்தையும் குலைக்கும் ஊக்கிநீர் மருத்துவத்தை ஏற்க நேர்ந்தது. தம் நாட்டைப் போரில் காத்ததை நீதிமன்றத்தில் சொல்லவும் இயலாதபடி இரகசிய ஆணை அவர் வாயைக் கட்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன், சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என்றது விசாரணை. 2009-இல் பிரித்தானியப் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021-இல் ஐம்பது பவுன் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது.

விசாரணையின் முடிவைத் தாயார் ஏற்கவில்லை. வீட்டில் வேதிப்பொருள்களை வைத்து மகன் செய்துவந்த சோதனைகளின்போது கை தவறி நேர்ந்த விபத்தே அது என்று உறுதியாக நம்பினார். மகனின் கடிதங்களையும் பள்ளி அறிக்கைகளையும் தொகுத்து, எழுபது வயதைத் தாண்டிய நிலையில் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1959-இல் வெளிவந்தது. போத்தனூரில் பிறந்த அம்மையார் 1976-இல் காலமானார். மகன் போரில் ஆற்றிய பணியின் முழு விவரம் அவர் நூலில் இல்லை. அதை எழுதும் காலத்தில் அவருக்கு அது சொல்லப்படவுமில்லை.