கபீரின் வாழ்க்கையும் சமயக் கலப்பு என்னும் கருத்தும்

இடைக்கால வட இந்தியப் பக்தி இயக்கம் பற்றிய நூல்கள் பலவும் கபீரை இந்து சமயத்தையும் இசுலாத்தையும் இணைத்தவராகவே அறிமுகப்படுத்துகின்றன. அவர் பெயரால் வழங்கும் பழைய பாடல்களோ இரு தரப்பாரையும் ஒருசேரக் கண்டிக்கின்றன. பண்டிதரின் வேதமும் காஜியின் குர்ஆனும், பூணூலும் சுன்னத்தும், காசியும் காபாவும் அவற்றில் ஒரே மூச்சில் மறுக்கப்படுகின்றன. இம்முரணை விளங்கிக்கொள்ள அவர் வளர்ந்த நெசவுக்குடியிலிருந்து தொடங்குதல் தகும்.

கபீர் காசியில் ஜுலாஹா எனப்படும் முசுலிம் நெசவாளர் குலத்தில் வளர்ந்தவர். கபீர் என்பது பெரியவன் எனப் பொருள்படும் அரபுச் சொல். இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்று. வட இந்திய ஜுலாஹாக்களுட் பலர் நாத சித்தர் நெறியைப் பின்பற்றிய இல்லற யோகியராக இருந்து, கபீர் காலத்திற்குச் சில தலைமுறைகள் முன்னரே இசுலாத்தைத் தழுவியவர் என்று ஹசாரி பிரசாத் துவிவேதி 1942இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவ முயன்றார். இக்கருத்து முற்றும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. எனினும் பாடல்களின் இயல்புக்கு நன்கு பொருந்துகிறது. நாடிகள், சூனியம், சகசநிலை ஆகிய யோகக் கலைச்சொற்களைக் கபீர் வீட்டுமொழிபோல் எளிதாகக் கையாள்கிறார். சொற்பொருளைத் தலைகீழாக்கிப் பேசும் உலட்பாஞ்சி என்னும் புதிர்ப்பாடல் முறையும் சித்தர் மரபினதே. பாவும் ஊடும் தறியும் உடலுக்கும் உயிருக்கும் உவமையாவது அவர்தம் தொழிலால் அமைந்தது. ஆகவே கலப்பு அவர் திட்டமிட்டு ஆக்கியதன்று. குடிவழியே அவருக்கு வந்து சேர்ந்தது எனலாம். அவர்தம் செயல், அக்கலப்பில் நின்றுகொண்டு இரு சமயத் தலைமைகளின் அதிகாரத்தையும் ஏற்க மறுத்ததே.

பின்னெழுந்த வாழ்க்கைக் கதைகள் இம்மறுப்பைத் தணித்துள்ளன. பிராமணக் கைம்பெண் ஒருத்தி ஈன்று கைவிட்ட குழவியை நீரூ, நீமா என்னும் நெசவாளத் தம்பதியர் எடுத்து வளர்த்தனர் என்பது ஒரு கதை. லஹர்தாரா குளத்துத் தாமரையில் தோன்றினார் என்பது மற்றொன்று. விடியற்காலையில் கங்கைப் படித்துறையில் கிடந்த கபீரைத் தெரியாமல் மிதித்த இராமாநந்தர் இராம நாமத்தை உரைக்க, அதனையே உபதேசமாகக் கபீர் கொண்டார் என்பது இன்னொன்று. இராமாநந்தரை இராமானுசர் குருபரம்பரையில் வைக்கும் மரபும் உண்டாதலின், இக்கதை காசி நெசவாளரை வைணவ ஆசாரிய மரபோடு பிணைக்கிறது. கபீர் பாடிய இராமனோ தசரதன் மகனல்லன், குணங்கடந்த பரம்பொருள்.

மரபு அவருக்கு 1398 முதல் 1518 வரை 120 ஆண்டு வாழ்நாளை அளிக்கிறது. ஆய்வாளர் சிலர் 1448ஐ மறைவாண்டாகக் கொள்வர். அங்ஙனமாயின் 1489இல் அரியணை ஏறிய சிக்கந்தர் லோடி அவரைத் துன்புறுத்திய கதைக்கு இடமில்லை. இராமாநந்தரையும் லோடி மன்னரையும் ஒரே வாழ்நாளுக்குள் அடக்கவே இந்நீட்சி வேண்டப்பட்டது போலும்.

காசியில் இறப்பவர் வீடுபெறுவர், மகஹரில் இறப்பவர் கழுதையாய்ப் பிறப்பர் என்பது அக்கால நம்பிக்கை. கபீர் முதுமையில் மகஹருக்கே சென்று உயிர்நீத்தார் என்பர். உடலை எரிப்பதா, புதைப்பதா என்று இரு தரப்பாரும் பூசலிட, போர்வையின்கீழ் மலர்களே எஞ்சின என்னும் கதை யாவரும் அறிந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் இயற்றிய ஆயினி அக்பரியிலேயே இப்பூசல் குறிக்கப்படுகிறது. அந்நூல் கபீரை ஒருகடவுட் கொள்கையர் என்கிறது. அடக்கமான இடத்தையோ பூரியோடு சார்த்துகிறது. மகஹரில் சமாதிக் கோயிலும் தர்காவும் இன்றும் தனித்தனியே அருகருகே உள்ளன.

பாடல்களும் தொகுத்தவர் கைக்கேற்ப வேறுபடுகின்றன. சீக்கியரின் ஆதி கிரந்தம் 1604இல் தொகுக்கப்பட்டபோது கபீர் பாடல்கள் அதில் பேரளவில் இடம்பெற்றன. இராசத்தானத்துத் தாதூ பந்தியர் சுவடிகளில் இறைவனைப் பிரிந்த ஏக்கம் மிகுதி. கிழக்கே கபீர் பந்தியர் போற்றும் பீஜக்கில் வாதமும் எள்ளலும் மிகுதி. இரவீந்திரநாத் தாகூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1915 அளவில் உலகெங்கும் பரவியது. அதற்கு அடிப்படை க்ஷிதிமோகன் சென் வாய்மொழி மரபைத் தழுவித் திரட்டிய தொகுப்பு. அதிலுள்ள பாடல்களுட் பெரும்பாலானவை பழஞ்சுவடிகளில் காணப்படாதவை. சமயங்களை இணைத்த ஞானி என்னும் உருவம் உலகறிய நிலைபெற்றது பெரிதும் இம்மொழிபெயர்ப்பின் வழியேயாம்.