நீண்ட ஆயுளா, நிறைந்த வாழ்வா? அதியமானின் வாழ்வில் ஒரு படிப்பினை



உங்களிடம் ஒரு கேள்வி. இந்த வாழ்க்கையிலிருந்து உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். சொந்த வீடு, நல்ல வேலை, பிள்ளைகளின் படிப்பு, நோயில்லாத உடல், நீண்ட ஆயுள் என்று நாவில் உடனே வருகிற பதில் ஒன்று. உள்ளத்தில் இருக்கிற பதில் வேறொன்றாக இருக்கலாம். உள்ளத்தின் பதிலை எப்படித் தெரிந்துகொள்வது? எதைக் கையிலிருந்து விடுகிறோம், எதை விட மறுக்கிறோம் என்று பாருங்கள். அங்கே அது தெரிந்துவிடும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை பஸ்ஸின் ஜன்னல் வழியாக நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் அதியமான் நெடுமான் அஞ்சி. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய தர்மபுரியான தகடூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சிற்றரசர். கடையெழு வள்ளல்களில் ஒருவர். அரபு மக்களுக்கு ஹாத்திம் தாயி எப்படியோ, அப்படித் தமிழ் மக்களுக்கு அதியமான். இருவருமே நபி (ஸல்) அவர்களின் தூதுத்துவத்திற்கு முந்தைய காலத்தவர்கள். நற்குணம் யாரிடம் இருந்தாலும் அதிலிருந்து படிப்பினை பெறலாம்.

அவரைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்த செய்தி நெல்லிக்கனி. எளிதில் ஏற முடியாத மலைப் பிளவில் விளைந்த ஓர் அரிய கனி அவர் கைக்கு வந்தது. அதை உண்டவருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கும் என்பது அன்றைய மக்களின் நம்பிக்கை. ஆயுளை நிர்ணயிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமான். ஆகவே, கனிக்கு அந்தச் சக்தி உண்டா என்பது இங்கே நம் பேச்சல்ல. அதியமான் அதை நம்பினார். நம்பிய பிறகு என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

அவர் அதை உண்ணவில்லை, ஔவையாருக்குக் கொடுத்தார். இவர் சங்க காலத்து ஔவையார். ஆத்திசூடி தந்த ஔவையார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். அந்தக் கனியின் பலன் என்ன என்பதை அதியமான் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் ஔவையார் மறுத்திருக்கக்கூடும். புகழுக்காகக் கொடுப்பவர் முதலில் பலனைச் சொல்லிவிட்டுத்தான் பொருளைக் கொடுப்பார். இவர் பலனை மறைத்துக் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். ஓர் அரசருக்கு நாடு இருக்கிறது, படை இருக்கிறது, செல்வம் இருக்கிறது. அவரிடம் இல்லாதது கூடுதலான காலம் ஒன்றுதான். அது கைக்கு வந்த நேரத்தில், தன்னைவிட இந்தப் புலவர் நீண்ட நாள் இருப்பது மேல் என்று முடிவெடுத்தார். நாம் ஈஸார் என்கிறோமே, தனக்குத் தேவை இருக்கும்போதே பிறரை முற்படுத்துவது, அதற்கு இது நம் மண்ணின் உதாரணம்.

ஆனால் சகோதரர்களே, அதியமானின் வாழ்வை இந்த ஒரு செய்தியோடு முடித்துவிட முடியாது. அவருக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது, வெற்றியின் ஆசை. எழுவரை எதிர்த்து நின்று வென்றவர் என்று புறநானூற்றுப் பாடல்கள் அவரைப் போற்றுகின்றன. மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை அவர் வென்றார். அந்தக் காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவர்தான். கொடுக்கும் கை ஒன்று, கொடுக்கும் இன்னொரு கையின் ஊரைப் பறித்தது. தனக்கு மகன் பிறந்தபோதுகூட, போர்க்களத்துச் சினம் கண்ணிலிருந்து இறங்காமலே குழந்தையைப் பார்த்தார் என்று ஔவையார் பாடியிருக்கிறார். அதே மனிதர்தான் தொண்டைமானிடம் ஔவையாரைத் தூதும் அனுப்பினார்.

முடிவு என்ன? சேர மன்னர் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரின் மீது படையெடுத்து வந்து வென்றார். அதியமான் மார்பில் வேல் பாய்ந்து இறந்தார். கனியைப் பெற்ற ஔவையார் உயிரோடு இருந்து, கனியைக் கொடுத்தவருக்காக இரங்கல் பாடினார். அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது. அதுவும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை, சில பாடல்களே எஞ்சின.

அப்படியானால் அவருடைய வாழ்வில் எது மிஞ்சியது? 1981ஆம் ஆண்டு, திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில், பாறையில் வெட்டப்பட்ட ஒரு தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. அசோகரின் கல்வெட்டுகள் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுதோ என்ற குலப்பெயரும் அவர் பெயருக்கு முன் இருக்கிறது. அந்தக் கல்வெட்டு எந்த வெற்றியையும் சொல்லவில்லை. துறவிகள் தங்குவதற்கு அவர் உறைவிடம் கொடுத்தார் என்ற ஒரே செய்திதான் அதில் உள்ளது.

திருக்கோவலூர் என்பது வேறு எதுவுமல்ல, அவர் போரிட்டு வென்ற அதே கோவலூர்தான். அந்தப் பகுதியில் வாளால் எடுத்தது அவரிடம் நிலைக்கவில்லை. கையால் கொடுத்தது பாறையில் நிற்கிறது.

இப்போது உங்களுக்கு வருவோம். நிய்யத்தைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அதை இன்று மூன்று கேள்விகளாக உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: உங்கள் ஆயுளில் இன்னும் பத்து ஆண்டுகள் கூடினால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால், நீங்கள் கேட்பது காலத்தை மட்டும்தான், வாழ்க்கையை அல்ல.

இரண்டாவது: சென்ற மாதம் உங்கள் பணமும் நேரமும் எங்கே போயின? விரும்புவதாகச் சொல்வதற்கும் செலவழிப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அது சொல்லிவிடும்.

மூன்றாவது: அந்தக் கனி இன்று உங்கள் கையில் இருந்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்? தாய்க்கா, பிள்ளைக்கா, ஊருக்குப் பயன்படும் ஓர் ஆசிரியருக்கா? மனதில் வந்த அந்த ஒருவருக்காக நேற்று என்ன செய்தீர்கள்? ஒன்றும் இல்லையென்றால், இன்று அஸருக்குள் ஒரு போனாவது செய்யுங்கள்.

அதியமானுக்கு ஒரே உள்ளத்தில் இரண்டு ஆசைகள் இருந்தன. நமக்கும் அப்படித்தான். எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்பதை மூச்சு இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

நாம் எதை நாட வேண்டுமோ அதையே நம் உள்ளங்கள் நாடும்படி வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.