கன்னத்தில் விண்மீன்கள்

உள்ளத்து உணர்வுகளைக் கவிஞர் சொல்லாலும் ஓவியர் வண்ணத்தாலும் வெளிப்படுத்துவர். அவற்றை ஊசியாலும் துணியாலும் வெளிப்படுத்தியவர் எல்சா ஸ்கியாபரெல்லி.

இவர் 1890ஆம் ஆண்டு இத்தாலியின் தலைநகரான ரோமில் பிறந்தார். தந்தையார் கீழைநாட்டு மொழிகளில் புலமை மிக்கவர். அழகிற் சிறந்த தமக்கையுடன் ஒப்பிட்டு, எல்சாவை அழகற்றவள் என்று தாயார் கூறிவந்தார். அச்சொல் சிறுமியின் நெஞ்சைத் தைத்தது. முகத்தில் மலர்கள் பூத்தால் தாமும் அழகு பெறலாம் என எண்ணிய எல்சா, தோட்டக்காரரிடம் விதைகளைப் பெற்றுத் தம் வாயிலும் காதுகளிலும் இட்டுக்கொண்டார். மலர்கள் பூக்கவில்லை, மூச்சுத் திணறியது. மருத்துவர் வந்து காப்பாற்ற நேர்ந்தது.

அவருடைய பெரிய ஆறுதல், வானியல் அறிஞரான உறவினர் ஜியோவன்னி. எல்சாவின் இடக்கன்னத்தில் இருந்த மருக்கள் சப்தரிஷி மண்டலத்தைப் போல அமைந்துள்ளன என்று அவர் எடுத்துக்காட்டினார். பழந்தமிழர் எழுமீன் என வழங்கியதும் அம்மண்டலமே. குறையெனக் கருதியதை எல்சா அன்றுமுதல் தமக்குரிய அடையாளமாகக் கொண்டார்.

பின்னாளில் மணவாழ்வு முறிந்தது. மகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. மகளுடன் 1922இல் பாரிஸ் நகரை அடைந்த எல்சா, தையற்கலையை முறையாகப் பயின்றவர் அல்லர். எனினும் 1927இல் அவர் வடிவமைத்த கறுப்புப் பின்னலாடை புகழ்பெற்றது. அதன் கழுத்தில் தோன்றிய வெள்ளை நாடா முடிச்சு, பின்னலிலேயே அமைந்த உருவமாகும்.

1938இல் ஓவியர் சல்வதோர் தாலியுடன் இணைந்து, இரண்டு வியத்தகு ஆடைகளை உருவாக்கினார். ஒன்றில் விலா எலும்புகளும் முதுகெலும்பும் புடைத்துத் தெரிந்தன. மற்றொன்று கிழிந்து புண்பட்டதுபோலத் தோன்றியது. மறைக்க வேண்டிய துயரும் அச்சமும் அவ்வாடைகளில் வெளிப்பட்டு நின்றன. அவ்வாண்டிலேயே விண்மீன்களும் ராசிகளும் மின்னும் ஆடைகளையும் அவர் படைத்தார்.

1954இல் தம் ஆடையகத்தை மூடிய எல்சா, 1973இல் பாரிசில் மறைந்தார். ஓவியர் ழான் கொக்தோவுடன் இணைந்து 1937இல் அவர் உருவாக்கிய மேலங்கி ஒன்று இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் முதுகுப்புறத்தில் இரண்டு முகங்கள் எதிரெதிரே நோக்குகின்றன. அவற்றின் மேலே ரோஜா மலர்கள் நிறைந்து பூத்துள்ளன.