சதுரங்க வீரர் சிகோரின்

சதுரங்கம் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் அமைதியான விளையாட்டு. அதில் ஓட்டமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஆயினும், அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் நிகழும் அப்போரைக் காண மக்கள் பெருந்திரளாகக் கூடிய நாள்களும் உண்டு. அத்தகைய நாள் ஒன்றில், கைக்கெட்டிய வெற்றியை ஒரே நகர்த்தலால் இழந்தவர் மிகயில் சிகோரின். அத்தோல்விக்குப் பின்னரும் தளராது உழைத்துத் தம் நாட்டின் சதுரங்கக் கலைக்குத் தந்தை எனப் போற்றப்படும் சிறப்பை அவர் எய்தினார்.

சிகோரின் 1850ஆம் ஆண்டு ரஷ்ய நாட்டில், காட்சினா என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியவர். இளமையிலேயே பெற்றோரை இழந்த சிகோரின், அவ்வூரிலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் வளர்ந்தார். பதினாறாம் வயதில் ஆசிரியர் ஒருவரிடம் சதுரங்கம் கற்றார். பின்னர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். ஆனால், அவர் உள்ளம் ஏடுகளில் நிற்கவில்லை. சதுரங்கப் பலகையிலேயே நின்றது. நிலையான வருவாயைத் துறந்து, அக்கலைக்கே தம் வாழ்வை ஒப்படைத்தார். 1876ஆம் ஆண்டில் சதுரங்கத்திற்கென ஓர் இதழைத் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் அரும்பாடுபட்டு நடத்தினார்.

அக்காலத்தில் உலகச் சதுரங்கப் பட்டத்தைத் தாங்கியிருந்தவர் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ். அவர் அளந்து அடி வைப்பவர். சிகோரினோ துணிந்து பாய்பவர். இவ்விருவரும் 1889ஆம் ஆண்டில் கியூபா நாட்டின் தலைநகராகிய ஹவானாவில் பொருதனர். ஸ்டைனிட்ஸ் பத்து ஆட்டங்களிலும் சிகோரின் ஆறு ஆட்டங்களிலும் வென்றனர். அதன்பின், ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருந்துகொண்டு, தந்தி வாயிலாகவே இரண்டு ஆட்டங்கள் ஆடினர். கடலடிக் கம்பி வழியே நகர்த்தல்கள் சென்று வந்தன. 1891இல் முடிவுற்ற அவ்விரண்டிலும் சிகோரினே வாகை சூடினார். ஆகவே, இருவரும் மீண்டும் நேரில் மோத வேண்டும் என்னும் ஆவல் எங்கும் எழுந்தது.

1892ஆம் ஆண்டின் முதல் நாளில் ஹவானாவில் அப்போட்டி தொடங்கியது. முதலில் பத்து வெற்றி பெறுபவருக்கே பட்டம் என்னும் நிலை இறுதியில் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு திங்கள் போர் நீடித்தது. இருபத்திரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்டைனிட்ஸ் ஒன்பது வெற்றியும் சிகோரின் எட்டு வெற்றியும் பெற்றிருந்தனர். ஏனைய ஐந்தும் வெற்றி தோல்வியின்றி முடிந்தவை. இருபத்து மூன்றாம் ஆட்டத்தில் சிகோரின் வென்றால் இருவரும் சமமாவர்; பட்டம் எவர் பக்கமும் சாயலாம். தோற்றாலோ, போட்டி அன்றே முடிந்துவிடும்.

பிப்ரவரி 28ஆம் நாள் அவ்வாட்டம் நிகழ்ந்தது. அதனைக் காண ஆயிரம் பேருக்கு மேல் கூடினர் என்பர். சிகோரின் வெள்ளைக் காய்களைக் கொண்டு, தமக்குரிய துணிவுடன் ஆட்டத்தைத் தொடங்கினார். இடையில் ஸ்டைனிட்ஸ் தம் குதிரையைப் பலியிட்டுத் தாக்கினார். சிகோரின் அத்தாக்குதலைத் தாங்கி நின்றார். அவரிடம் ஒரு காய் மிகுதியாக இருந்தது. ஆட்டம் அறிந்தோர்க்கு இனி ஐயம் ஏது? வெற்றி சிகோரின் பக்கமே சாய்ந்திருந்தது.

அப்போது பலகையின் நிலை யாது? சிகோரினின் அரசன் மூலைக் கட்டத்தில் நின்றான். அவனுக்கு நேர்முன்னே ஒரு காலாள் நின்றது. ஸ்டைனிட்ஸின் யானைகள் இரண்டும் ஒரே வரிசையில் நின்று அக்காலாளைக் குறி வைத்திருந்தன. சாய்கோட்டில் செல்லும் மந்திரிக் காய் ஒன்று, தொலைவில் நின்றவாறே அக்காலாளைக் காத்து வந்தது. மந்திரி அங்கே நிற்குமளவும் அரசனுக்கு ஊறு இல்லை. தம் யானையால் எதிரியின் காலாள் ஒன்றை வெட்டியிருந்தால் சிகோரின் வென்றிருப்பார் என்பது ஆட்டத்தை ஆய்ந்தோர் துணிபு.

முப்பத்திரண்டாம் நகர்த்தல் வந்தது. சிகோரின் கை நீண்டது. அது யானையைத் தொடவில்லை. காவல் நின்ற மந்திரியையே எடுத்து அப்பால் வைத்தது! கோட்டையின் காவலன் தானே வாயிலைத் திறந்துவிட்டு அகன்றது போலாயிற்று. ஸ்டைனிட்ஸின் யானை பாய்ந்து காலாளை வெட்டி அரசனை முற்றுகையிட்டது. அடுத்த நகர்த்தலில் மற்ற யானையும் வந்து சேரும். அரசன் தப்ப வழியில்லை. அவையோர் அனைவர் கண்ணெதிரே சிகோரின் தோல்வியை ஏற்றார். இரண்டு திங்கள் உழைப்பு ஒரு நொடிச் சோர்வினால் வீணாயிற்று.

இத்தகைய இடி விழுந்தால் மனம் ஒடிந்து, ஆட்டத்தையே வெறுத்து ஒதுங்குவோர் பலர். சிகோரின் ஒதுங்கவில்லை. மறு ஆண்டே ஜெர்மானியப் பெருவீரர் டாராஷுடன் இருபத்திரண்டு ஆட்டங்கள் பொருது, ஆளுக்கு ஒன்பது வெற்றியுடன் சமநிலை கண்டார். 1895இல் இங்கிலாந்திலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் உலகின் தலைசிறந்த வீரர் இருபத்திருவர் கூடினர். அங்கே சிகோரின் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்ற பில்ஸ்பரியையும், அப்போது உலகப் பட்டம் தாங்கிய லாஸ்கரையும் அவர் நேருக்கு நேர் வென்றார். பழைய எதிரியாகிய ஸ்டைனிட்ஸ் ஐந்தாம் இடத்திலே நின்றார். பின்னர், ரஷ்ய நாடு முழுவதற்குமாக நடந்த முதல் மூன்று போட்டிகளிலும் சிகோரினே முதல்வரானார்.

1908ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தேழாம் வயதில், சிகோரின் உலக வாழ்வை நீத்தார். மறு ஆண்டே அவர் நினைவாகப் பீட்டர்ஸ்பர்க்கில் பெரும்போட்டி ஒன்று நடைபெற்றது. அந்நகரின் சதுரங்கக் கழகம் அவர் பெயரைத் தாங்கியது. பின்னாளில் உலகப் பட்டத்தை வென்ற ரஷ்ய வீரர் பலர் அவர் இட்ட அடித்தளத்தின் மீது எழுந்தவர்களே.

ஹவானாவில் கூடியிருந்தோர் கண்டது ஒரு நகர்த்தலின் தவறு மட்டுமே. அவ்வொரு நகர்த்தலைக் கொண்டு சிகோரினை அளந்திருந்தால், அவ்வளவை பிழையாகியிருக்கும். இறுதிவரை விழிப்பு வேண்டும் என்பதை அவர் தோல்வி நமக்கு உணர்த்துகிறது. விழுந்த பின்னும் எழுந்து நடக்கலாம் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.