துதாபாய்: ஆசிரமத்தைச் சோதித்த ஆசிரியர்

1915 மே 25 அன்று அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் காந்தியடிகள் சத்தியாக்கிரக ஆசிரமத்தைத் தொடங்கினார். சில திங்களில், பம்பாயில் ஆசிரியராயிருந்த துதாபாய், மனைவி தானிபென், மழலை மகள் லட்சுமி ஆகியோருடன் அங்குச் சேர்ந்தார். தீண்டாதார் எனக் கிணற்றடியில் வசைமொழி எழுந்தது, கஸ்தூரிபா உள்ளிட்ட பெண்டிரும் மனம் ஒப்பவில்லை, நன்கொடை நின்றது. சேரிக்கே குடிபெயரத் துணிந்தார் அடிகள். அவ்வேளையில் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் 13,000 ரூபாய் ஈந்தார்.

அடிகளின் உறுதியையும் வள்ளலின் கொடையையும் வரலாறு போற்றுகிறது. ஆயின், நாளும் இழிசொல் கேட்டும் நிலைகுலையாது நின்றவர் துதாபாய் அன்றோ! அவர் நில்லாதிருப்பின் தீண்டாமை ஒழிப்பு விரதம் ஏட்டளவில் நின்றிருக்கும். 1917இல் சபர்மதிக் கரைக்குப் பெயர்ந்து, 1930இல் தண்டி யாத்திரை புறப்பட்ட அவ்வாசிரமத்தின் அடித்தளத்தில் நம்மவரின் பொறுமையும் உண்டு. இளைஞர்களே, இதனை மறவாதீர்!